நடுக்குரல்

ஞாயிறு காலை பதினொரு மணி, பூர்க்டோர்ஃப்.
பழைய தானியக் கிடங்கின் இரண்டாம் மாடி.
வாசலில் நாற்பது சோடி பனிச்சப்பாத்து,
ஒன்றின் நாக்கில் இன்னும் உருகாத பனி.
இரவு முழுக்கப் பாண் சுட்டுவிட்டு
நேரே வந்தவன் நான்.
நகக்கண்ணில் மாவு, கண்ணில் மணல்.

பெரியவர்களுக்கு வாங்கு, பிள்ளைகளுக்குப் பாய்.
மிதுஷா என் கையை உதறிவிட்டு
முன்பாயில் இடம் பிடித்தாள்.
ஆளுக்கு நான்கு அட்டை கொடுத்தார்கள்:
முதல் வயலினுக்குச் சிவப்பு,
இரண்டாவதற்கு மஞ்சள்,
செல்லோவுக்கு நீலம்,
வியோலாவுக்குப் பச்சை.
எந்தக் குரல் கேட்கிறதோ
அந்த நிறத்தை உயர்த்த வேண்டும்.
அவ்வளவுதான் சட்டம்.

வாசிக்கத் தொடங்கியதும்
பாயெங்கும் சிவப்பு பற்றிக்கொண்டது.
செல்லோக்காரர் ஹன்ஸ்யோர்க் நடுவில் நிறுத்தி
ஒரு பொடியனைக் கூப்பிட்டு
வாத்தியத்தின் முதுகில் கன்னம் வைக்கச் சொன்னார்.
வில் ஒருமுறை இழுபட்டது.
"உள்ளுக்குள்ள மாடு!" என்று துள்ளினான்.
இந்தப் பள்ளத்தாக்கில்
மாட்டைத் தெரியாதவர் இல்லை.
மண்டபமே சிரித்தது.

அதன் பிறகு நீலம் நிறைய எழுந்தது.
மஞ்சளும் அங்கொன்று இங்கொன்று.
பச்சை மட்டும் மடிகளில் கவிழ்ந்து கிடந்தது.
வியோலாக்காரி ரெகூலா அதைக் கண்டாள்,
சிரித்துக்கொண்டாள்.
குடும்பப் படத்தில் எப்போதும்
ஓரத்தில் நிற்பவர்களின் சிரிப்பு.

ஒப்புக்கொள்கிறேன், நான் நித்திரையாகிவிட்டேன்.
இருநூறு வருடத்துக்கு முந்திய யாரோ ஒருவர்
எனக்கென்று எழுதியதுபோல் இருந்தது
அந்த மெதுவான பகுதி.
பக்கத்திலிருந்த அம்மா முழங்கையால் இடித்தாள்;
குறட்டை எந்த அட்டையிலும் இல்லை.

பட்டென்று ஒரு சத்தம்.
தட்டு விழுந்துவிட்டதென்று எழும்பிவிட்டேன்.
வியோலாவின் தந்தி அறுந்து
ரெகூலாவின் மணிக்கட்டில் சுருண்டு ஆடியது.
பிள்ளைகள் கைதட்டினார்கள்,
இதுவும் விளையாட்டென்று நினைத்து.

அவள் மேடை விளிம்பில் குந்தி
உறையைக் கிழித்துப் புதுத் தந்தியை எடுத்தாள்.
மற்ற மூவரும் ஆளையாள் பார்த்தார்கள்.
சும்மா இருந்தால் நாற்பது பிள்ளைகளும்
கிடங்கைப் பிரித்துவிடுவார்கள்.
அதே பகுதியை
மூன்று பேராகத் தொடங்கினார்கள்.

மேலே மெட்டு இருந்தது.
கீழே செல்லோ நடந்தது.
ஆனால் எப்படிச் சொல்ல,
ஈஸ்ட் போட மறந்த மாவு:
நிறை சரி, நிறம் சரி,
எழும்பவில்லை.

மிதுஷா பச்சையை உயர்த்தினாள்.

பக்கத்துப் பொடியன் அவள் சட்டையை இழுத்து
பிழை, அவள் வாசிக்கவில்லையே என்றான்,
மண்டபம் முழுக்கக் கேட்கும் ரகசியத்தில்.
"தெரியும். அவ இருந்த இடம் கேக்குது."
கை நடுங்க நடுங்க
மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள்.
பின்வரிசையில் ஒன்று எழுந்தது.
பிறகு, அவனே, முகத்தைத் திருப்பிக்கொண்டு.
பிறகு எண்ணவில்லை.

ரெகூலா இதைக் காணவில்லை.
குனிந்த தலை, முறுக்காணியில் விரல்,
தந்தியில் காது.

நால்வராக மறுபடி வாசித்தபோது
புதுத் தந்தி இரண்டு தடவை இறங்கிவிட்டது.
நிறுத்தி நிறுத்திச் சுருதி சேர்த்தாள்.
யாரும் குறைசொல்லவில்லை.
உலர்திராட்சைப் பொட்டலங்கள் மட்டும்
சரசரத்தன.

ரயிலில் கேட்டேன், வியோலா பழகப்போறியா?
இல்லையாம். நீச்சல்தான் வேணுமாம்.
ஜன்னலில் ஊதி மாடு வரைந்தாள்.

திங்கள் இரவு, மூன்றரை மணி.
பேக்கரியின் குளிரூட்டி சட்டென்று நின்றது.
இத்தனை வருடமாக
அது இரைந்துகொண்டிருந்தது
அப்போதுதான் காதில் விழுந்தது.
மாவுக்கையைத் துடைத்துவிட்டு
கோட்டுப் பையில் சாவி தேடினேன்.
ஒரு பச்சை அட்டை வந்தது.
திருப்பிக் கொடுக்க வேண்டும்.